ஷெரிஃபை யார் பிடிப்பது

எங்கள் கெல்லம் கவுண்டி என்கிற சின்ன மாவட்டத்தின் ஷெரிஃப் அலுவலகத்துக்கு நூற்றைம்பது வயது ஆகிவிட்டதாம். புதுக் கட்டடத்து வாசலில் பித்தளைப் பலகை அடித்து மாட்டியிருக்கிறார்கள். போன வாரம் போய்ப் பார்த்தேன். 'ஹார்லன் ஸ்டக்கி, 1951 முதல் 1962 வரை' என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'கடைசி நான்கு ஆண்டுகள் துணைவியார் பெயரில்' என்று ஒரு வரி. 

உள்ளே மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "இந்தப் பச்சைப் பொய்யை யாரும்மா எழுதினது?"

"கமிட்டி முடிவு பண்ணது, தாத்தா."

"கமிட்டியில யாரு?"

அவள் பெயர்களைச் சொன்னாள். ஒரு வங்கிக்காரர், ஒரு பாதிரியார், சவப்பெட்டிக் கடை பிக்ஸ்லரின் மகன். மூன்று பேரில் ஒருவர்கூட அந்தப் பழைய ஜெயிலுக்குள் ஒரு ராத்திரி படுத்தவர் இல்லை. நான் படுத்திருக்கிறேன். எத்தனை தடவை என்று எண்ணி மாளாது. என் பெயர் மெர்ல் ட்ரஸ்க். அந்தக் காலத்தில் ஊரறிந்த குடிகாரன். அந்த அலுவலகத்தின் சரித்திரம் வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

அந்த நான்கு வருஷத்தில் ஹார்லன் ஸ்டக்கி ஷெரிஃப் அலுவலகத்துக்குள் இருந்த நாட்கள் உண்டு. கம்பிக்கு உள்ளே இருந்தான். ஷெரிஃபாக இருந்தவள் அவன் பெண்டாட்டி வெர்டா. அவளுக்குத் துணைவியார் என்று பெயர் வைத்தவனின் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போல இருக்கிறது, ஆனால் எனக்கு எழுபத்திரண்டு வயது, அவனுக்கு நாற்பது.

வெர்டா பன்றிப் பண்ணையில் பிறந்தவள். மூத்த பெண். முரட்டு ஆண் பன்றியைக் காதைப் பிடித்துப் பட்டிக்குள் இழுத்துக்கொண்டு போவாள் என்று அவள் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நெட்டையான உடம்பு, பெரிய கைகள், எதற்கும் உடனே பதில் சொல்லும் வாய். ஹார்லன் அதற்கு நேர் எதிர். அழகன். சர்ச்சில் பாடுவான். கவுண்டியில் யாரைப் பார்த்தாலும் பெயர் சொல்லித் தோளில் தட்டுவான். அப்படித் தட்டித் தட்டித்தான், கவுண்டிப் போலீஸுக்குத் தலைவரான ஷெரிஃபைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் ஜெயித்தான்.

ஜெயித்த பிறகுதான் வெர்டாவுக்குத் தெரிந்தது, வேலை அவனுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று. எங்கள் பழைய ஜெயில் கோர்ட்டுச் சதுக்கத்தில் இருந்த செங்கல் கட்டடம். முன்பாதி ஷெரிஃப் குடும்பம் குடியிருக்கும் வீடு, பின்பாதி ஜெயில். சமையலறைக்கும் ஜெயிலுக்கும் நடுவே ஓர் இரும்புக் கதவு, அதில் தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு சின்னத் திறப்பு. உள்ளே இருக்கிறவர்களுக்குச் சமைப்பது, துணி துவைப்பது, பிடித்து வரும் பெண்களைச் சோதனை போடுவது, ஹார்லன் ஊர் சுற்றும்போது டெலிபோன் எடுப்பது எல்லாம் ஷெரிஃப் பெண்டாட்டியின் தலையில். சம்பளம் கிடையாது. கேட்டால், வீடு இலவசம்தானே என்பார்கள்.

அவள் சமையலைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி நூடுல்ஸை உருளைக்கிழங்கு மசியல் மேல் ஊற்றித் தருவாள். வெளியில் எந்த ஓட்டலிலும் அப்படிக் கிடைக்காது.

"என்ன மெர்ல், மறுபடியுமா?" என்பாள் திறப்பு வழியாக. "உனக்கு இங்கயே ரேஷன் கார்டு போட்டுரவா?"

"உங்க நூடுல்ஸுக்காகத்தான் வர்றேன், ஸ்டக்கியம்மா."

"நூடுல்ஸ் வேணும்னா சர்ச் விருந்துக்குப் போ. அங்க யாரும் உன் காலைப் பிடிச்சு ரோட்ல இழுத்துட்டு வர மாட்டாங்க."

"அங்க பிரசங்கம் பண்ணுவாங்க."

"இங்க நான் பண்றேன்ல. குடிக்காதடா. பிரசங்கம் முடிஞ்சது, தின்னு."

ஹார்லன் எப்படிப்பட்டவன் என்று வெளியில் யாருக்கும் தெரியாது, உள்ளே எல்லாருக்கும் தெரியும். அவனிடம் ஒரு பெரிய இரும்பு வளையம் இருக்கும், ஜெயில் சாவிகள் அத்தனையும் அதில் கோத்திருக்கும். கதவு திறப்பதற்கு மட்டும் அதை அவன் பயன்படுத்தவில்லை. எங்களில் பலருக்குத் தலையில் தழும்பு உண்டு.

1957, தக்காளிப் பருவம். டப்பாவில் அடைக்கும் ஆலைக்குப் பக்கத்து மாநிலத்து மலைநாட்டிலிருந்து கூலிக்கு வருகிற கென்டக்கிப் பையன்களில் ஒருவன் லோனி ரோர்க். பத்தொன்பது வயது. காரில் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினான் ஹார்லன். அதற்கெல்லாம் யாரையும் ஜெயிலில் போடுவதில்லை. ஆனால் பையன் பயப்படவில்லை. அதுதான் அவன் செய்த குற்றம். 'மலைக்காரப் பயலே' என்று ஹார்லன் கூப்பிட்டதற்கு, 'மலையில இருந்து பாத்தா நீங்க ரொம்பச் சின்னதாத் தெரிவீங்க, ஐயா' என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். ஹார்லன் அவனைக் கொண்டுவந்து எனக்கு எதிர் அறையில் போட்டான்.

நல்ல பையன். விசிலடித்துக்கொண்டே இருப்பான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹார்லன் சர்ச்சிலிருந்து கோட்டு சூட்டோடு நேராக உள்ளே வந்தான். பையன் விசிலடித்துக்கொண்டிருந்தான். காலையில் சர்ச்சில் ஹார்லன் பாடிவிட்டு வந்த அதே பாட்டு.

"நிறுத்துடா" என்றான் ஹார்லன்.

"ஐயா, இது சாமி பாட்டு" என்றான் பையன்.

ஹார்லன் கதவைத் திறந்து உள்ளே போனான். வளையத்தால் முதல் அடி காதுக்கு மேலே. பையன் கீழே விழும்போது பின்மண்டை கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மோதியது. அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்காத சத்தம். விழுந்தவனை விட்டானா? விடவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அந்த நேரம் சமையலறைப் பக்கம் திறப்பு திறந்தது. வெர்டா முதல் தட்டோடு நின்றாள். எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஹார்லன்! விடு அவனை! செத்துருவான்!" என்று கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். கதவு திறக்குமா? அதன் சாவியும் அவன் கையிலிருந்த அந்த வளையத்தில்தான் இருந்தது. ஹார்லன் நிதானமாக நடந்து வந்து திறப்பை உட்பக்கமாகச் சாத்தித் தாழ் போட்டான்.

அவள் டாக்டருக்கு போன் செய்தாள். டாக்டர் வந்தார். ஹார்லன் முன்வாசலிலேயே அவர் தோளில் தட்டி, "பையன் குடிச்சிட்டுத் தூங்கறான், டாக்டர். வெர்டா சும்மா பதறிட்டா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். டாக்டரும் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் அவருக்கும் கோழிக்கறி காத்திருந்திருக்கும். பொழுது சாய்வதற்குள் பையன் போய்விட்டான்.

ஆள் செத்தால் எப்படிச் செத்தான் என்று எழுதித் தர வேண்டியவர் கரோனர். எங்கள் கவுண்டி கரோனர் ஓரன் பிக்ஸ்லர். மேசை நாற்காலிக் கடை வைத்திருந்தார், பின்கட்டில் சவப்பெட்டி விற்பார், பிணத்தைக் குளிப்பாட்டி அலங்காரம் செய்து அடக்கம் செய்து கொடுப்பதும் அவரே. ஹார்லனோடு மீன் பிடிக்கப் போகிறவர். வந்தார், பையனைக் கொண்டுபோனார், மாரடைப்பு என்று எழுதினார். பத்தொன்பது வயதுப் பையனுக்கு மாரடைப்பு! கவுண்டி முழுவதும் அதை நம்பியது. நம்புவது சுலபமாக இருந்தது, அவன் கென்டக்கிக்காரன்.

வெர்டா நம்பச் சொன்னால் நம்பிவிட்டுச் சும்மா இருக்கிற பிறவி இல்லை. அரசு வக்கீலிடம் போனாள். மாநிலப் போலீஸ் கேப்டனிடம் போனாள். ஜட்ஜிடம் போனாள். மூன்று பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"ஷெரிஃபை நாங்க தொட முடியாதும்மா. பழைய சட்டம். இந்தக் கவுண்டியில ஷெரிஃபைக் கைது பண்ற அதிகாரம் ஒரே ஒருத்தருக்குத்தான். கரோனருக்கு."

சரி என்று பிக்ஸ்லர் கடைக்குப் போனாள். அவர் ஒரு சவப்பெட்டிக் கைப்பிடிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாராம். அவளே பிறகு எனக்குச் சொன்னது.

"பிக்ஸ்லர், நான் என் கண்ணால பாத்தேன். நீங்க ஒருத்தர்தான் அவனைப் பிடிக்க முடியும்னு எல்லாரும் சொல்றாங்க."

"முடியும்னு சட்டத்துல இருக்கு, வெர்டா. பிடிச்சே ஆகணும்னு இல்ல."

"ஒரு கொலை நடந்திருக்கு."

"மாரடைப்பு நடந்திருக்கு. நீ வீட்டுக்குப் போய்ச் சமையலைப் பாரு. உங்க ஜெயில் படி ஏற என் முட்டியும் ஒத்துழைக்காது."

திரும்பி வந்தாள். வேறென்ன செய்வாள்? உள்ளே நாங்கள் பசியோடு இருந்தோம். அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றிலிருந்து மாதக்கணக்கில் ஹார்லனோடு அவள் பேசியதை நான் கேட்டதில்லை, தட்டை அவன் முன்னால் வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். நான் வெளியே போய்க் குடிக்கிற இடத்தில் நடந்ததைச் சொன்னேன். இரண்டு நாளில் ஹார்லன் என்னை அள்ளிக்கொண்டு வந்தான். என் முன்பற்கள் இரண்டும் அந்தக் கட்டடத்தில்தான் விழுந்தன. கமிட்டிக்காரர்கள் பலகையில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வருஷம் தேர்தல். எங்கள் மாநிலத்தில் ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் தொடர்ந்து ஷெரிஃபாக இருக்க முடியாது. ஹார்லனுக்கு இரண்டும் முடிந்தது. இதற்கு எல்லாக் கவுண்டியிலும் ஒரு குறுக்கு வழி இருந்தது. பெண்டாட்டியை நிறுத்துவார்கள். அவள் பெயரில் ஜெயிப்பார்கள். அவள் புருஷனைத் துணை ஷெரிஃபாகப் போடுவாள். வீடு அதே வீடு, சாவி அதே சாவி, அவள் சமைத்துக்கொண்டிருக்க வேண்டியது. இதில் யாருக்கும் வெட்கமே கிடையாது. சதுக்கத்துக் காபிக் கடையில் உட்கார்ந்து பெரிய மனிதர்கள் இதைப் பேசி முடித்துவிட்டு, சுவரொட்டிக்கும் வாசகம் முடிவு செய்துவிட்டார்கள்: 'மறுபடியும் ஸ்டக்கி!'

அந்த வாரம் நான் வழக்கம்போல உள்ளே இருந்தேன். சமையலறையில் ஹார்லன் குரல் கேட்டது.

"நீ நிக்கற வெர்டா. பேச்சு முடிஞ்சாச்சு."

"நின்னா என் பொணம்தான் நிக்கும்."

"ஒரு கையெழுத்துப் போட உனக்கு என்னடி கஷ்டம்? ஒரு வேலையும் நீ செய்ய வேணாம்."

ஏதோ பாத்திரம் சுவரில் மோதியது. பிறகு திறப்பு திறந்தது. வெர்டாவின் முகம் சிவந்திருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"வாழ்த்துக்கள் ஸ்டக்கியம்மா. நீங்க ரப்பர் ஸ்டாம்ப்பு ஆகப் போறீங்களாமே."

"வாயை மூடிட்டுத் தின்னு மெர்ல்."

"இல்ல, உங்க வீட்டுக்காரன் சாமர்த்தியத்தைச் சொல்றேன். ஷெரிஃபா இல்லாமலே ஷெரிஃபா இருக்கப் போறான் பாருங்க."

கரண்டி பாதியில் நின்றது. "என்ன சொன்ன?"

"ஷெரிஃபா இல்லாமலேன்னு சொன்னேன். தப்பா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். லோனி செத்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு இரண்டாம் தடவை பீன்ஸ் விழுந்தது. என்ன சொன்னேன், எதற்குச் சிரித்தாள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, இவளும் இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம் வந்தது. தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினேன். "பசிச்சா தானா தின்பே" என்று அவளும் எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் பெரிய அறிவாளி என்று நான் சொல்ல வரவில்லை. சட்டப் புத்தகம் எதையும் அவள் புரட்டியதில்லை. அவளுக்குக் கோபம் இருந்தது. அதை ஆறவிடாமல் வைத்திருந்தாள், அவ்வளவுதான். கோபத்தை ஆறவிட்ட கவுண்டியில் அதுவே பெரிய காரியம்.

ஜெயித்தாள். ஜெயிப்பது யார் என்று யாருக்கும் சந்தேகம் இல்லை, ஓட்டுப் போட்டவர்கள் ஹார்லனுக்குப் போடுவதாக நினைத்துத்தான் போட்டார்கள். ஜனவரி முதல் தேதி கோர்ட்டில் பதவிப் பிரமாணம். புத்தாண்டுக் குடிக்காக நான் உள்ளே இருந்தேன். நாற்காலி தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இன்னொருவனையும் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அதனால் முழுவதையும் பார்த்தேன்.

காபி, சர்க்கரைப் பாகு வைத்த அப்பம், பூசணி அப்பம் எல்லாம் மேசையில் இருந்தன. பிக்ஸ்லர் வாய் நிறைய அப்பத்தோடு நின்றார். ஜட்ஜ் பைபிளை நீட்ட, வெர்டா கை வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"வாழ்த்துக்கள், ஷெரிஃப்" என்றார் ஜட்ஜ். அறை முழுவதும் சிரித்தது.

அடுத்தது துணை ஷெரிஃபை நியமிப்பது. ஹார்லன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். பேட்ஜை அவனே முதல் நாள் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான்.

"ஹார்லன், கையை நீட்டு" என்றாள் வெர்டா.

"பேட்ஜை நெஞ்சுல குத்தணும்டி, கைல இல்ல" என்றான். மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கையை நீட்டினான், விளையாட்டுக்கு. அவள் விலங்கை மாட்டினாள். பெரிய கைகள் என்று சொன்னேன் அல்லவா, ஒரு நொடியில் மாட்டிவிட்டாள்.

"லோனி ரோர்க்கைக் கொன்னதுக்காக உன்னைக் கைது பண்றேன்."

யாரோ ஒருவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிக்ஸ்லர்தான் முதலில் வாயைத் திறந்தார். "வெர்டா, உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? ஷெரிஃபைக் கைது பண்ண என் ஒருத்தனாலதான் முடியும்!"

"ஷெரிஃப் நான்தான் பிக்ஸ்லர். இவன் வெறும் ஹார்லன்" என்றாள்.

நான் தூக்கிக்கொண்டிருந்த நாற்காலியைப் போட்டுவிட்டு விசிலடித்தேன். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டியவன் விலங்கோடு நின்றான்.

இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் கவுண்டியைத் தெரியாது. கொலைக் குற்றம் சாட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஜூரியில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். ஆறு பேரும் ஹார்லன் தோளில் தட்டிய ஆட்கள். அரசு வக்கீல் வெர்டாவிடம் வந்து, "பெண்டாட்டி புருஷனுக்கு எதிரா சாட்சி சொல்லச் சட்டத்துல இடமில்லம்மா" என்றார். பார்த்தவர்கள் இரண்டே பேர். மிச்சம் நான்.

"மிஸ்டர் ட்ரஸ்க், அன்னிக்கு எவ்வளவு குடிச்சிருந்தீங்க?" என்று கேட்டார் ஜூரியின் தலைவர். விதைக் கடைக்காரர்.

"ஒரு வாரமா ஜெயிலுக்குள்ள இருந்தேன். அங்க என்ன குழாய்லயா விஸ்கி வருது?"

ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பேச்சை அவர்கள் கேட்டது அவ்வளவுதான். ஒரு பையன் செத்துக் கிடந்தான், அவர்களுக்கு நான் வேடிக்கை காட்டிவிட்டு வந்தேன். அன்று மத்தியானமே குற்றச்சாட்டு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வெர்டாவே வந்து அவன் அறையைத் திறக்க வேண்டியிருந்தது. ஹார்லன் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தான். "காபி போடு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக் கதவை நோக்கி நடந்தான்.

"அந்தப் பக்கம் இல்ல" என்றாள். "அது ஷெரிஃப் வீடு."

"என் வீடுடி அது!"

"எட்டு வருஷம் இருந்த. இப்ப உனக்கு அங்க உரிமை இல்ல. கைதிங்க போற கதவு அதோ இருக்கு."

கைதிகளை விடுகிற கதவு சதுக்கத்தைப் பார்த்துத் திறக்கும். ஜனவரிப் பனியில், தொப்பிகூட இல்லாமல், காபிக் கடை மொத்தமும் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்க, அவன் அந்த வழியாக வெளியே போனான். அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். எங்களுக்கு அன்று இனிப்பும் கிடைத்தது.

அவமானத்தை அவன் பொறுப்பானா? காரணமில்லாமல் தன்னை அடைத்து வைத்ததாக வெர்டா மேல் புகார் கொடுத்தான். ஷெரிஃப் மேல் புகார். ஷெரிஃபைப் பிடிக்க யாரால் முடியும்? கரோனரால். முட்டி வலி, ஜெயில் படி ஏற முடியாது என்று சொன்ன அந்த ஓரன் பிக்ஸ்லர், புகார் கொடுத்த மறுநாள் காலையில் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தார். ஒரு பையன் அடித்துக் கொல்லப்பட்டபோது நகராத கால், நண்பனின் மூக்கு உடைந்ததும் குதித்தது. 

"வெர்டா ஸ்டக்கி, உன்னைக் கைது பண்றேன்" என்றார் மூச்சு வாங்க.

"முட்டி சரியாயிருச்சா?" என்றாள். மாவுக் கையைத் துடைத்துவிட்டு, சாவி வளையத்தை அவர் கையில் வைத்தாள். "ஷெரிஃப் உள்ள போனா ஜெயில் உங்க பொறுப்பு. பீன்ஸ் ஊற வெச்சிருக்கேன். மத்தியானம் எல்லாருக்கும் சோளரொட்டி சுடணும். மெர்லுக்கு வெங்காயம் ஆகாது."

பெண்கள் அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிக்ஸ்லர் சமைத்த பீன்ஸை நாய் தின்னாது. பன்றிகூடத் தின்னாது என்று வெர்டா உள்ளேயிருந்து சொன்னாள், அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பிக்ஸ்லர் சொல்லி அவள் அறைக்குத் தட்டு வாங்கப் போனபோது நான் கேட்டேன், "இதையும் எதிர்பார்த்துத்தான் பண்ணீங்களா, ஸ்டக்கியம்மா?"

"எதையும் எதிர்பார்க்கலடா. நாளைக்கு என் வேலையைப் பிடுங்கி என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அந்த ஆளு மறுபடி உள்ள வந்துருவான்" என்றாள். முன்கையால் கண்ணைத் துடைத்தாள். அவள் அழுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

விசாரணைக்கு இடமில்லாமல் கூட்டம். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான். கடைசி வரிசையில் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கோட்டு, மடியில் ஒரு காகிதப் பை. லோனியின் தாய். வெர்டா ஆள் சொல்லி அனுப்பியிருந்தாள். கென்டக்கியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, யாரையும் ஒன்றும் கேட்காமல் வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஜட்ஜ் வெர்டாவைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஹார்லன் ஸ்டக்கியை நீங்க கைது பண்ண என்ன காரணம்?"

அவள் வாயைத் திறந்தாள். அரசு வக்கீல் குதித்து எழுந்தார். "ஐயா, பெண்டாட்டி புருஷனுக்கு எதிரா சாட்சி சொல்லக் கூடாது!"

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். சோம்பேறி மனுஷர், சட்டென்று எதையும் முடிவு செய்யமாட்டார்.  "இங்க ஹார்லன் மேல கேஸ் இல்லியே. அவன் போட்ட கேஸ்தானே இது? குத்தம் சாட்டப்பட்டவளை வாயைத் திறக்காதேன்னு நான் எப்படிச் சொல்றது? சொல்லும்மா."

ஹார்லனின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புகார், அவள் வாயைத் திறந்துவிட்டது.

வெர்டா சொன்னாள். சர்ச்சிலிருந்து வந்த சூட்டு, சாமி பாட்டு, வளையம், கட்டிலின் சட்டம், சாத்தின திறப்பு, திரும்பிப்போன டாக்டர், ஒன்று விடாமல். குரலை உயர்த்தவே இல்லை. டாக்டர் மூன்றாவது வரிசையில் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

பிறகு பிக்ஸ்லர் எழுந்து, அதெல்லாம் பொய், தலையில் தான் ஒரு காயமும் பார்க்கவில்லை என்றார். வெர்டா ஜட்ஜிடம் ஒரு கேள்வி கேட்கலாமா என்றாள். கேட்கச் சொன்னார்.

"பிக்ஸ்லர், என் அப்பாவை நீங்கதான் அடக்கம் பண்ணீங்க. அழகாத் தலை வாரி விட்டிருந்தீங்க. எல்லாருக்கும் வாரி விடுவீங்க, இல்லையா?"

"அது என் தொழில். எல்லாருக்கும் வாருவேன்."

"லோனிக்கும் வாரினீங்களா?"

"வாரினேன்."

"பின்மண்டையில சீப்பு எதுல மாட்டிச்சு?"

 பிக்ஸ்லரின் கை அவரையறியாமல் தன் பின்தலைக்குப் போனது.  கடைசி வரிசையில் காகிதப் பை கசங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கைது பண்ண ஷெரிஃபுக்குப் போதுமான காரணம் இருந்திருக்கு" என்றார் ஜட்ஜ். "புகார் தள்ளுபடி."

அப்புறம் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பு. அத்தனை பேரும் எழுந்து வந்து வெர்டாவின் கையைக் குலுக்கினார்கள். விதைக் கடைக்காரர் குலுக்கினார். டாக்டர் குலுக்கினார். எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது போல, வெளியில் பனி ஜாஸ்தி என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள். ஹார்லன்கூட இரண்டு பேர் தோளில் தட்டிக்கொண்டு வெளியே போனான்.

லோனியின் தாய் முன்னால் வந்து நின்றாள். முதலில் அரசு வக்கீலைத்தான் கேட்டாள். "காரணம் சரின்னு ஜட்ஜையா சொல்லிட்டாரு. அப்ப அந்த ஆளை எப்ப பிடிப்பீங்க?"

"அது ஜூரி முடிச்ச விஷயம்மா. உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது" என்று சொல்லிக்கொண்டே அவர் காகிதங்களைப் பெட்டியில் அடுக்கினார்.

அவள் வெர்டாவிடம் திரும்பினாள். "நீங்க பாத்தீங்கன்னு சொன்னீங்க. எல்லாரும் கேட்டாங்க. எல்லாரும் வீட்டுக்குப் போறாங்க. எம் புள்ளைக்கு என்ன?"

  வெர்டா அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வக்கீலின் பெட்டி மேல் கையை வைத்து மூடவிடாமல் அழுத்தினாள்.

"ஜூரி விட்டுட்டா மறுபடி பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"கேஸே நடக்கலியேம்மா. அதனால கூடாதுன்னு இல்ல. ஆனா அடுத்த ஜூரியும் விட்டுருவாங்க."

"இன்னிக்குப் போதும்னு சொன்ன காரணம் நாளைக்கும் போதும்தானே?"

அவர் பெட்டியை விட்டுக் கையை எடுத்தார். வெர்டா கோட்டைக்கூடப் போடாமல் வெளியே நடந்தாள். நானும் அந்த அம்மாவும் பின்னால் போனோம். கோர்ட்டுப் படியில் ஹார்லன் நாலு பேர் நடுவில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள், பன்றியைப் பட்டிக்கு இழுக்கிற பிடி.

"நட" என்றாள்.

"என்னடி விளையாட்டு இது? மறுபடி விட்டுருவாங்க!"

"விடட்டும். விட்டா மறுபடி பிடிப்பேன். அதுக்கப்புறமும் பிடிப்பேன். எனக்கு நாலு வருஷம் இருக்கு, ஹார்லன்."

கூட இருந்த நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கிப் போனார்கள். ஹார்லன் பிக்ஸ்லரைத் தேடினான். பிக்ஸ்லர் தன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கார் கிளம்பியது.